பெட்டி இடிக்குது, ஆடுது, கறள் தின்னுது: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

மாசி வெட்டுத் தொடங்கிவிட்டால் களுவாஞ்சிகுடியில் எங்கள் பட்டறை வாசலில் உழவு மெசினுக்குப் (டிராக்டருக்குப்) பின்னால் கொழுவுகிற பாரப் பெட்டிகளுக்கு இடம் போதாது. வெல்லாவெளி, மண்டூர், நவகிரிப் பக்கத்து வயல் வட்டைகளில் இருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி நெல் வருகிற காலம் அது. “பெட்டி இடிக்குது”, “வால் ஆட்டுது”, “மெசின் மூக்கத் தூக்குது” என்று வருகிறவர்கள் சொல்கிற சொற்களையே இங்கே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டி காட்டுகிற குறி எதுவோ, அந்த இடத்தை முதலில் படியுங்கள்.

எதற்கு முன்னாலும் ஒன்று. சமதரையில் நிறுத்தி, எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிப் பெட்டிக்கு அடியில் போகாதீர்கள். சட்டத்துக்குக் கீழே மரக்குற்றி அடுக்கிய பிறகுதான் தலையைக் கொடுக்க வேண்டும். மெசினின் ஹைட்ரோலிக்கில் தூக்கி நிற்கிற எதற்கும் அடியில் போகவே கூடாது.

வெளிக்கிடும்போதும் நிற்கும்போதும் ‘டக்’ என்று இடிக்குது

பத்தில் எட்டுப் பெட்டிக்கு இதுதான் முதல் குறி. பெட்டி கொழுவுகிற பின்னும் அது போகிற ஓட்டையும் தேய்ந்திருக்கும். பின்னை உருவி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேய்ந்த பின்னுக்கு நடுவில் இடுப்பு விழுந்திருக்கும். வேர்ணியரால் மேல் நுனியில் ஒரு அளவு, இடுப்பில் ஒரு அளவு எடுங்கள். இடுப்பில் பின்னைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு அளவும் எடுக்க வேண்டும், ஏனென்றால் தேய்மானம் ஒரு பக்கமாகத்தான் போகும். நான் வைத்திருக்கிற கணக்கு இது: 1 மி.மீ. குறைந்தால் அடுத்த போகத்துக்கு முன் மாற்று, 2 மி.மீ. குறைந்தால் இன்றைக்கே மாற்று.

பின்னை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் அதே போகத்துக்குள் திரும்பி வருகிறார்கள். காரணம் ஓட்டை. பெட்டியின் முன் முக்கோணச் சட்டத்தில் இருக்கிற கண்ணை முன்பின்னாகவும் குறுக்காகவும் அளந்து பாருங்கள். முன்பின் அளவு கூடியிருந்தால் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. வட்டமான புதுப் பின் முட்டை வடிவ ஓட்டைக்குள் ஒரு கோட்டில் மட்டும்தான் முட்டும். பாரம் முழுவதும் அந்தக் கோட்டில் விழுந்து பின்னைச் சுரண்டி எடுக்கும். ஓட்டையை லேத்தில் வட்டமாகக் கடைந்து, கடினமான இரும்பில் புஷ் (உள்வளையம்) இறுக்கி, அந்த உள்ளளவுக்குப் பின் செய்வதுதான் நிற்கிற வேலை. கண் மெலிந்துபோயிருந்தால் கண்ணையே மாற்றுங்கள். குழாயை வெட்டி உள்ளே செருகுவதை நான் செய்துகொடுப்பதில்லை. நாலு நாளில் அது நசுங்கி, முன்னைவிடப் பெரிய இடைவெளியை விட்டுப் போகும்.

போன வருடம் ஒரு போடியார் வந்தார். “பின் எங்கயோ விழுந்திட்டு மனே. வாடியில கிடந்த கொங்கிறீட் கம்பிய வெட்டிப் போட்டுத்தான் வாறன். மறுகா என்ன செய்யிற, நெல்லு நனையப் போகுது” என்றார். அவர் அவசரம் எனக்கு விளங்கியது, மேகம் கறுத்துத்தான் கிடந்தது. அந்தக் கம்பியை உருவப் பார்த்தால் வரவில்லை. சுத்தியலால் கீழிருந்து தட்டித்தான் எடுத்தோம். நடுவில் வாழைக்காய் போல வளைந்திருந்தது. கம்பியில் இருக்கிற புரி அரம் போல வேலை செய்து, கண்ணுக்குள் புதுவெள்ளி நிறத்தில் வரிவரியாகக் கீறியிருந்தது. கீழ்த் தட்டில் இரும்புத்தூள் சர்க்கரைபோல் கொட்டிக் கிடந்தது. பாலத்தில் போகும்போது அது முறிந்திருந்தால் மூன்று தொன் நெல் பின்னால் வருகிறவனின் மேல்தான் போயிருக்கும்.

கம்பி தாங்காததற்குக் காரணம் அதன் பருமன் மட்டும் இல்லை. ஓட்டைக்கும் பின்னுக்கும் 10 மி.மீ. இடைவெளி இருந்தால், ஒவ்வொரு முறையும் பெட்டி 10 மி.மீ. தூரம் ஓடிவந்து முட்டுகிறது. அமைதியான இழுவையைத் தாங்குகிற இரும்பு சம்மட்டி அடியைத் தாங்காது. ஹார்ட்வெயார் கடை போல்ட்டைப் போடுவதும் இதே தவறுதான்: மரை வெட்டிய இடம் பாரம் விழுகிற இடத்தில் வந்தால், முறிவு அந்த மரைப் பள்ளத்தில்தான் தொடங்கும். கடினமாக்கிய பின்னுக்குத் தலை ஒட்டவும் வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட ஓரம் கண்ணாடி போல் நொறுங்கும் குணத்துக்கு மாறிவிடும்.

பின்னும் கண்ணும் சரி, ஆனாலும் இடிக்கிறதா? சுண்ணக்கட்டி எடுத்து, மெசினின் இழுவைச் சட்டம் உடலோடு சேர்கிற இடம், போல்ட் தலைகள், பெட்டியின் அச்சைப் பிடித்திருக்கிற யூ போல்ட், வில்லுத்தட்டு என்று இரண்டு இரும்பு சேர்கிற ஒவ்வொரு இடத்திலும் குறுக்காக ஒரு கோடு கீறுங்கள். ஒருவர் மெசினை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். மெசினுக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கக்கூடாது. கோடு உடைந்து விலகுகிற இடம்தான் தளர்ந்த இடம்.

பின் மேலே ஏறி வருது

பள்ளத்தில் விழுந்தெழும்பும்போது பின் துள்ளும். கீழே போடுகிற பூட்டுக் கிளிப் இல்லாமலோ, கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியோ ஓடினால் ஒருநாள் அது வெளியே வந்தே தீரும். பின்னை எப்போதும் மேலிருந்து கீழாகப் போடுங்கள். கிளிப்பைச் சிறு சங்கிலியில் பெட்டியோடு கட்டி வையுங்கள், தொலையாது. இதற்கு மேல், மெசினின் இழுவைச் சட்டத்தில் இருந்து பெட்டிச் சட்டத்துக்கு ஒரு தடித்த சங்கிலியும் வேண்டும். வளைவில் இறுகாத அளவு தளர்வு, ஆனால் பின் போனாலும் பெட்டியின் மூக்கு நிலத்தில் குத்தாத அளவு நீளம். முறிந்து வெல்டிங் அடித்த சங்கிலிக் கண்ணியை இதற்குப் பாவிக்காதீர்கள்.

தார் றோட்டில் பெட்டி வால் ஆட்டுது

சம்மாந்துறையில் இருந்து ஒரு காக்கா வந்தார். “தம்பி, டயர் புதுசு. காத்தும் சரி. பேரிங்கும் மாத்தின. அப்பயும் ஆடுது” என்றார். “காக்கா, மூட்டைய எங்க இருந்து அடுக்கத் தொடங்கினீங்க?” என்று கேட்டேன். “பின்னுக்கு இருந்துதான், இறக்க லேசெல்லுவா.” நோய் அங்கேதான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். கொழுவுகிற கண்ணில் இருந்து அச்சுக்கு 10 அடி என்று வைப்போம். 50 கிலோ உரப்பை 60 ஏற்றினால் 3,000 கிலோ. அந்தப் பாரத்தின் நடு, அச்சுக்கு ஒரு அடி முன்னால் இருந்தால் பின்னில் 300 கிலோ அமரும். சரியாக அச்சின் மேல் இருந்தால் பின்னில் ஒன்றும் அமராது. ஒரு அடி பின்னால் போனால் அதே 300 கிலோ மெசினின் பின்பக்கத்தை மேலே தூக்கும். தூக்கப்பட்ட சக்கரத்துக்குப் பிடி குறையும், பெட்டி தன் இஷ்டத்துக்கு மெசினை ஆட்டும். பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கண்ணில் அமரும்படி, அச்சுக்கு மேல் தொடங்கிச் சற்று முன் தள்ளி அடுக்குங்கள். காக்காவின் பெட்டிக்கு நாங்கள் ஒரு ஆணிகூடத் தொடவில்லை. அடுக்கை மாற்றியதும் ஆட்டம் நின்றது.

அடுக்கும் சரியாக இருந்து இன்னும் ஆடினால்: இரண்டு பக்க டயர் காற்றும் ஒரே அளவா, சக்கரத்தை ஜக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரிகிறதா, இரண்டு பக்கமும் கண்ணில் இருந்து அச்சுமுனைக்குத் தூரம் ஒன்றா என்று பாருங்கள். கடைசியை ஒரு கயிற்றாலேயே அளக்கலாம்.

பெட்டியைக் கழற்றும்போதும் இதே கணக்கு உயிரோடு விளையாடும். முன்பக்க மூட்டைகளை முதலில் இறக்கிவிட்டுப் பின்னை உருவினால், முக்கோணச் சட்டம் மேலே பாய்ந்து குனிந்திருப்பவனின் தாடையில் அடிக்கும். முன்னும் பின்னும் முண்டு கொடுத்த பிறகே பின்னில் கை வையுங்கள்.

மெசின் மூக்கைத் தூக்குது

இந்தக் குறியைக் கண்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். வாய்க்கால் கரை ஏறும்போது, சேற்றில் இருந்து பெட்டியை இழுக்கும்போது முன் சக்கரம் இலேசாகும். பாரம் அளவுக்கு மேல் முன்னுக்கு இருக்கலாம். அதைவிடப் பயங்கரமான காரணம், சங்கிலியை மேலே, கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கிற டொப் லிங்க் கொழுவுகிற இடத்தில் கொழுவியிருப்பது. இழுவை பின் அச்சுக்கு மேலே விழுந்தால் அது மெசினைப் பின்னுக்குப் புரட்டப் பார்க்கும். பின் சக்கரம் சேற்றில் இறுகி உருள முடியாமல் நின்றால், என்ஜின் சுற்றும் பலம் முழுவதும் உடலைத்தான் அச்சைச் சுற்றித் தூக்கும். கால் கிளச்சுக்குப் போகும் முன் ஸ்டியரிங் நெஞ்சில் இருக்கும்.

கீழே இருக்கிற இழுவைச் சட்டத்தில் மட்டும் கொழுவுங்கள். கிளச்சை வெடுக்கென்று விடாதீர்கள். புதைந்தால் முன்னுக்கு முறுக்காமல், முதலில் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் பெட்டியைக் கழற்றி மெசினை வெளியே எடுத்து, பாதி மூட்டையை இறக்கிப் பிறகு இழுங்கள். ஒரு மணித்தியாலம் போகும், போகட்டும்.

லேண்ட்மாஸ்டர், பிடித்த பக்கம் திரும்பாமல் மறுபக்கம் போகுது

லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கரக் கை உழவு மெசினைப் பழுது என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். பழுது இல்லை. பக்கக் கிளச்சைப் பிடித்தால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு என்ஜின் தொடர்பு அறுகிறது. சமதரையில் மற்றச் சக்கரம் தள்ள, பிடித்த பக்கம் திரும்பும். குளக்கட்டில் இறங்கும்போது நிலைமை தலைகீழ்: பெட்டி பின்னாலிருந்து தள்ளுகிறது, என்ஜின் பிடித்து நிறுத்துகிறது. பிடித்த பக்கச் சக்கரம் சுதந்திரமாக உருண்டோட, மற்றப் பக்கம் மட்டும் தடைபட, வண்டி எதிர்ப்பக்கம் வெட்டும். உன்னிச்சை போன்ற குளங்களின் அணைக்கட்டுச் சரிவில் இதைப் பழகாத பொடியன்களிடம் கைப்பிடியைக் கொடுக்கவே வேண்டாம். இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியர். இறக்கத்தில் பக்கக் கிளச்சைத் தொடாமல் கைப்பிடியால் மட்டும் திருப்பல். வேகத்துக்குப் பெட்டியின் கால் பிறேக். அந்தப் பிறேக் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கிறதா என்று, வெறும் பெட்டியோடு மண் தரையில் மிதித்துத் தடத்தைப் பாருங்கள்.

வெள்ளத்தில் பெட்டி மிதக்கப் பார்க்குது

2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு மெசின் அடித்துச் செல்லப்பட்டதை இந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டோம். பாரமான இரும்பு, தண்ணீர் என்ன செய்யும் என்று எண்ணுவது பிழை. 10 அடி நீளம், 6 அடி அகலப் பெட்டியின் தட்டுக்கு மேல் வெளியே ஒரு அடி தண்ணீர் நின்றால், உள்ளே தண்ணீர் புகாதவரை கிட்டத்தட்ட 1,700 கிலோ மேல்நோக்கித் தள்ளும். சக்கரம் நிலத்தை விட்டதும் பெட்டி ஓடம். அது இழுக்கிற பக்கம் மெசினும் போகும். தண்ணீர் றோட்டைக் குறுக்கறுத்து ஓடினால் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். இதற்குப் பட்டறையில் மருந்து இல்லை.

முக்கோணச் சட்டத்தில் ஒட்டுப் பக்கத்தில் கறள் கோடு

பெயின்டுக்கு மேல் மயிரிழை போலச் செம்மஞ்சள் கோடு தெரிந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது என்றே எண்ணுங்கள். உறுதிப்படுத்த விலையில்லாத வழி ஒன்று உண்டு. அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை தேய்த்து, மண்ணெண்ணெய் பூசிக் கால் மணித்தியாலம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தடவுங்கள். பக்கத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு. வெடிப்புக்குள் போன எண்ணெய் ஊறி வந்து, வெள்ளைத் தூளில் கறுத்த கோடாக எழும்பும். கோடு எங்கே முடிகிறது என்பது முக்கியம்.

அந்த இரண்டு முனையிலும் 6 மி.மீ. துளை போடுங்கள், வெடிப்பு மேலே ஓடாது. பிறகு வெடிப்பை ‘வி’ வடிவில் அடிவரை கிறைண்டரால் திறந்து, 7018 வெல்டிங் கூரால் நிரப்ப வேண்டும். மேலே மட்டும் 6013 ஆல் கோடு இழுத்துவிட்டால் அடுத்த பாரத்தில் அதே இடம் திறக்கும். 7018 கூர் ஈரம் குடிக்கும். கடற்கரைக் காற்றில் பக்கெற் திறந்து ஒருநாள் கிடந்த கூர்களைச் சூடாக்கி உலர்த்தாமல் அடித்தால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது வெடிப்பு வரும். மேலே தட்டுப் போட்டுப் பலப்படுத்துவதானால் சதுரத் தட்டு வேண்டாம். அதன் நேர்விளிம்பு சட்டத்தைக் குறுக்காக வெட்டுவதுபோல் ஆகும். முனை கூரான டயமண்ட் வடிவத் தட்டு பாரத்தை மெதுவாகக் கடத்தும்.

வெல்டிங்குக்கு முன் பெட்டியை மெசினில் இருந்து கழற்றுங்கள். முடியாவிட்டால் பற்றரி வயரையாவது கழற்றுங்கள். எர்த் பிடியை ஒட்டுகிற இடத்துக்குக் கிட்டவே போடுங்கள்; தூரத்தில் சக்கரத்தில் போட்டால் கரண்ட் பேரிங் குண்டுகளுக்குள்ளால் பாய்ந்து பொட்டுப் பொட்டாகச் சுட்டுவிடும். தட்டில் வைக்கோல் துணுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது.

கொள்கலன் லொறி, லோ பெட்: ஐந்தாம் சக்கரம் இடிக்குது அல்லது இறுகுது

தாழ்ந்த தட்டுள்ள டிரெய்லரான லோ பெட்டில் வெட்டு மெசின் ஏற்றிவருகிறவர்கள் சிலரும் வருவார்கள். அவர்களின் கொழுவுகிற தட்டுக்குப் பெயர் ஐந்தாம் சக்கரம். குதிரை வண்டிகளின் முன் அச்சுக்கு மேல் படுக்கையாகக் கிடந்த சக்கரத்தில் இருந்து வந்த பெயர். அங்கே கொழுவுகிற பின், டிரெய்லருக்குக் கீழே தொங்கும். அதன் தாடைகள் தட்டில் இருக்கும்.

நிறுத்தி எடுக்கும்போது இடித்தால் பின்னை அளக்கவும். வழமையான 2 அங்குலப் பின் புதிதில் 50.8 மி.மீ.; 49 மி.மீ. வந்தால் கழிக்க வேண்டும். பின் சரியாக இருந்தால் தாடைத் தேய்மானம். தட்டுச் செய்த நிறுவனத்தின் முறைப்படி சரிக்கட்டவோ மாற்றவோ வேண்டும். வளைவில் ஸ்டியரிங் இறுகி, பிறகு துள்ளித் திரும்பினால் தட்டில் கிறீஸ் காய்ந்திருக்கும். பழைய கிறீஸுக்கு மேல் புதுசு அப்பாதீர்கள். எங்கள் மண் றோட்டுத் தூசி கலந்த கிறீஸ் அரைக்கிற பசைதான். சுரண்டி எடுத்துத் துடைத்த பிறகே பூச வேண்டும்.

பூட்டுக் கைப்பிடி முழுதாக உள்ளே போகவில்லை என்றால், ‘போகப் போக விழும்’ என்று ஓட வேண்டாம். டிரெய்லர் உயரமாக நின்று பின் தாடைக்கு மேலே அமர்ந்திருக்கலாம். டோர்ச்சை அடித்துப் பாருங்கள்: இரண்டு தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது, தாடை பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். பிறகு, டிரெய்லரின் கால்களைத் தூக்கும் முன், அதன் பிறேக்கைப் பிடித்தபடி குறைந்த கியரில் மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

தட்டு கறள் தின்னுது

இங்கே பெட்டியைக் கொல்வது வயதைவிட உப்பு. எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைட்டு, அதுவும் உப்புத்தான். கிழிந்த பையில் இருந்து கொட்டிய ஒரு பிடி, பனி ஈரத்தில் கரைந்து தட்டின் மூலையில் போய் நிற்கும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றுகிற கெப், லொறிகளில் ஐஸ் உருகிய தண்ணீர் அதே வேலையைச் செய்யும். ஈர ஆற்றுமண் பெயின்டைச் சுரண்டிவிட்டு, அந்தப் புண்ணில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

சிறு சுத்தியலால் தட்டை அடி அடியாகத் தட்டிப் போங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்னும். தின்ற இடம் ‘டொக்’ என்னும். ‘டொக்’ கேட்ட இடத்துக்கு அடியில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் குறுக்குச் சட்டமும் தட்டும் சேர்கிற கோட்டில் கறள் பலகாரம்போல் அடுக்கடுக்காக உப்பியிருக்கும். மேலே றப்பர் விரித்திருப்பவர்கள் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். ஒட்டிய றப்பர் தட்டைக் காக்கும் என்று நம்பி மூன்று வருடம் விட்ட ஒரு கெப்பில், றப்பரோடு சேர்ந்து தட்டின் தோலும் உரிந்து வந்ததை என் கையால் எடுத்தேன். றப்பர் நல்லதுதான். ஆனால் ஒட்டாமல் விரித்து, கிழமைக்கு ஒருமுறை தூக்கிக் கழுவிக் காயவிட வேண்டும். தட்டின் தாழ்ந்த மூலைகளில் 12 மி.மீ. துளை போட்டு, துளையின் ஓரத்துக்கும் பெயின்ட் அடியுங்கள்.

கழுவுகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். வாவிக்கரைக் கிணறுகள் சிலதில் உவர் இருக்கும். அதால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிறீர்கள். உர லோட்டு, மீன் லோட்டு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடியும் மேலும் கழுவ வேண்டும்.

கறளை எடுத்துப் பெயின்ட் அடிக்கும் வேலையில் பலர் தவறவிடுவது ஒரு படி. கிறைண்டரால் பளபளக்கத் தேய்த்த பிறகும், குழிகளுக்குள் உப்பு இருக்கும். தேய்த்துக் கழுவி ஒரு இரவு மறைவில் விடுங்கள். விடிய அந்தக் குழிகளில் தேநீர் நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஈரம் கசிந்திருந்தால் உப்புப் போகவில்லை. திரும்பவும் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் மேல் எந்த விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் கொப்பளிக்கும். கசிவு நின்ற பிறகு எபொக்சி பிறைமர் இரண்டு மெல்லிய பூச்சு, பிறகு மேல்பூச்சு. சிவப்பு ஒக்சைட்டை மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள், அது தண்ணீரை முழுதாக மறிக்காது.

ஓட்டை விழுந்த இடத்துக்குத் தட்டுப் போடுவதானால், தின்ற இரும்பை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இரும்பில் சுற்றிவர முழுதாக ஒட்டுங்கள். மேலே வைத்து நாலு பொட்டு அடித்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் குடியிருக்கும். அலுமினியத் தட்டு விரிக்க விரும்பினால் இரும்போடு நேரே முட்டவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் நடுவில் வந்ததும் ஒன்று மற்றொன்றை அரிக்கத் தொடங்கும். நடுவில் றப்பர் கீலமாவது வேண்டும்.

இந்த வேலையை வாடைக் காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், இரும்பு காயவே காயாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் நல்லவை, ஆனால் தூசி பறக்கும்; படங்கு கட்டி மறைத்து, காலைப் பனி போனதும் தொடங்கி, காற்று எழும்பும் முன் முடித்துவிடுங்கள். எபொக்சி மறுநாள் தொட்டால் காய்ந்ததுபோல்தான் இருக்கும். ஒரு கிழமை மண்ணோ உரமோ ஏற்றாதீர்கள். நகத்தை அழுத்திப் பார்த்துத் தடம் விழவில்லை என்றால் பெட்டியைக் கொழுவலாம்.